மதிப்பெண்ணிலிருந்து ரசனைக்கு: ஒருவருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று கணிக்கப் பழகுவது எப்படி?

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை படம் போடுகிறோம். ஏழெட்டுப் பேர் வருவார்கள். ஒருவர் அம்பத்தூரிலிருந்து, ஒருவர் தாம்பரத்திலிருந்து, மற்றவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். எந்தப் படத்தைப் போடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு என்னுடையது. ஆரம்பத்தில் எல்லோரிடமும் “எந்த மாதிரிப் படம் பிடிக்கும்?” என்று கேட்டேன். “நல்ல படமா இருந்தா எதுவா இருந்தாலும் பார்ப்பேன்” என்றார்கள். எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். உண்மையாகத்தான் சொன்னார்கள், ஆனால் அதை வைத்து ஒரு படத்தைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

அதன் பிறகு கேள்வியை விட்டுவிட்டு, அவர்கள் ஏற்கெனவே பார்த்த படங்களுக்குப் போட்ட மதிப்பெண்களை வாங்க ஆரம்பித்தேன். அதிலும் முதல் ஆறு மாதம் தப்பாகவே படித்தேன். ஐந்து ஸ்டார் வாங்கிய படங்களைப் பார்த்து “ஓ, இவருக்கு இதுதான் பிடிக்கும்” என்று நினைத்துக்கொண்டேன். ஒருவரின் ரசனை அவர் போட்ட மதிப்பெண்ணில் நேராகத் தெரிவதில்லை. அதிலிருந்து அவருடைய பழக்கத்தைக் கழிக்க வேண்டும், பிறகு ஊரார் கருத்தையும் கழிக்க வேண்டும். மிச்சம் நிற்பதுதான் அவருடைய சொந்த ரசனை. புதிதாக இதில் இறங்குபவர்களுக்காக, நான் செய்யும் முறையை அப்படியே எழுதுகிறேன். பள்ளிக்கூடக் கணக்குக்கு மேல் எதுவும் தேவைப்படாது.

முதலில் பட்டியல்

குறைந்தது 30 படங்களாவது வேண்டும். பத்துப் படத்தை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. ஒரே ஒரு படம் எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

படங்களுக்கு மதிப்பெண் கொடுக்கும் இணையதளங்களான ஐஎம்டிபியிலோ லெட்டர்பாக்ஸ்டிலோ அவர் மதிப்பெண் போடுபவராக இருந்தால் வேலை சுலபம். இரண்டிலும் தன் மதிப்பெண்களை மொத்தமாக ஒரு சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அதை எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ திறக்கலாம். ஐஎம்டிபி கோப்பில் அவர் போட்ட மதிப்பெண், போட்ட தேதி, ஊரார் சராசரி (அந்தத் தளத்தில் எல்லோரும் போட்டதன் சராசரி), படம் வந்த ஆண்டு, இயக்குநர், ஓடும் நேரம் எல்லாம் தனித்தனி வரிசையாக வந்துவிடும். இந்த வேலைக்கு அது பெரிய உதவி. லெட்டர்பாக்ஸ்டில் அரை ஸ்டாரிலிருந்து ஐந்து வரை போடலாம், ஐஎம்டிபியில் 1 முதல் 10 வரை. நெட்ஃபிளிக்ஸில் மட்டும் பார்ப்பவர் என்றால் ஸ்டார் கிடைக்காது. 2017இல் அவர்கள் ஸ்டாரை எடுத்துவிட்டு, பிடித்தது பிடிக்கவில்லை என்று மட்டும் காட்டும் கட்டைவிரலுக்கு மாறினார்கள், 2022இல் இரட்டைக் கட்டைவிரலைச் சேர்த்தார்கள். இந்த அளவுக்கு நுணுக்கமாகப் படிக்க அது போதாது.

எதிலும் மதிப்பெண் போடாதவர்களுக்கு ஒரு தாளில் 60 படப் பெயர்களை எழுதிக் கொடுத்துவிடுவேன். பார்த்தவற்றுக்கு மட்டும் போடச் சொல்வேன். அப்போது கூடத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது. ஒருவர் “அதுக்கு அஞ்சு குடுக்கலாமே” என்று சொல்லிவிட்டால் எழுதுபவரின் கை மாறிவிடும். நண்பர்களிடம் மட்டும் நடப்பதில்லை இது. பரிந்துரை செய்யும் இணையதளம் “உங்களுக்கு இதற்கு இத்தனை ஸ்டார் பிடிக்கும்” என்று முன்கூட்டியே காட்டினால், பார்ப்பவர்கள் அந்த எண்ணை நோக்கிச் சாய்கிறார்கள் என்று ஆய்வுகளிலும் கண்டிருக்கிறார்கள்.

பட்டியலோடு இன்னும் இரண்டு விஷயங்களை எழுதி வாங்குங்கள்: எங்கே பார்த்தார், யாரோடு பார்த்தார். இது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அவருடைய அளவுகோல் எது?

அம்பத்தூரிலிருந்து வரும் தோழியின் பட்டியலை எடுத்துக்கொள்வோம். அவர் அங்குள்ள தொழிற்பேட்டையில் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறார். 46 படங்கள். ஐந்து ஸ்டார் ஒன்றே ஒன்று. நாலரை ஸ்டார் 4 படங்களுக்கு, நாலு ஸ்டார் 10 படங்களுக்கு, அப்படியே மூன்றரை 14, மூன்று 9, இரண்டரை 5, இரண்டு 2, ஒன்றரை 1. கூட்டி வகுத்தால் சராசரி 3.4 வருகிறது.

இந்த வரிசையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். 46இல் 33 படங்கள் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் அடங்கிவிட்டன. இவர் நாலரை போட்டால் அது பெரிய பாராட்டு. இரண்டரை போட்டால் கோபமாகத்தான் வெளியே வந்திருக்கிறார். தாம்பரத்து நண்பரின் சராசரியோ 4.3. அவருக்கு நாலு என்றால் “சுமார்தான்” என்று பொருள். ஒரே படத்துக்கு இரண்டு பேரும் நாலு போட்டிருந்தார்கள். இருவருக்கும் பிடித்த படம் என்று நான் எழுதி வைத்திருந்தேன். ஒருவருக்குப் பிடித்திருந்தது, இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை.

அதனால் முதல் வேலை, ஒவ்வொரு மதிப்பெண்ணிலிருந்தும் அவருடைய சொந்தச் சராசரியைக் கழிப்பது. தோழியின் நாலரை +1.1 ஆகும். அவருடைய மூன்று −0.4 ஆகும். இனிமேல் ஸ்டாரை மறந்துவிட்டு இந்தக் கூட்டல் கழித்தலை மட்டும் பாருங்கள்.

ஊரார் கருத்தைக் கழிப்பது

எல்லோருக்கும் பிடித்த படம் ஒருவருக்கும் பிடித்தால் அதிலிருந்து அவரைப் பற்றி அதிகம் தெரியாது. ஊரே தூக்கிப் போட்ட படத்தை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றால், ரசனை அங்கேதான் இருக்கிறது.

தோழி நாலரை போட்ட ஒரு படத்துக்கு ஐஎம்டிபியில் 8.4. பாதியாக்கினால் 4.2. அவர் பார்த்த 46 படங்களுக்கும் ஊரார் சராசரி, அதே பாதிக் கணக்கில், 3.6. ஆகவே அந்தப் படத்துக்கு ஊரார் தருவது +0.6. தோழி தந்தது +1.1. மிச்சம் +0.5 மட்டும்தான். இன்னொரு படத்துக்கு நாலுதான் போட்டிருந்தார், அதாவது +0.6. ஊரார் அதற்குக் கொடுத்தது 5.8, பாதியாக்கினால் 2.9, கழித்தால் −0.7. மிச்சம் +1.3. மதிப்பெண் குறைவுதான், ஆனால் அவரைப் பற்றி இந்த இரண்டாவது படம்தான் அதிகம் சொல்கிறது. மூன்றாவது ஒன்று: எல்லோரும் கொண்டாடி 8.2 வாங்கிய படம், தோழி போட்டது மூன்று. மிச்சம் −0.9. சும்மா பார்த்தால் மூன்று ஸ்டார் என்பது ‘பரவாயில்லை’ போலத் தெரியும். கழித்த பிறகு அது ஒரு தெளிவான ‘வேண்டாம்’.

இதற்கு ஒரு எச்சரிக்கை உண்டு. படம் வந்த முதல் வாரத்தில் இணையத்தில் இருக்கும் எண்ணை ஊரார் கருத்தாக எடுக்காதீர்கள். பெரிய நடிகரின் படம் என்றால் முதல் காட்சி முடியும் முன்பே ரசிகர்கள் பத்துக்குப் பத்து குவிப்பார்கள், எதிர்த் தரப்பு பத்துக்கு ஒன்று என்று போடும். ஐஎம்டிபியும் காட்டும் எண்ணை வெறும் சராசரியாகப் போடாமல் எடை கொடுத்துத்தான் கணக்கிடுகிறது. ஆனாலும் இரண்டு மூன்று மாதம் போனால்தான் அந்த எண் படியும். புதுப் படங்களை இந்தக் கணக்கிலிருந்து விலக்கி வைத்துவிடுவேன்.

பழைய படங்களிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு வந்து தியேட்டரில் ஓடாமல் போனது. இன்று அதைத் தேடிப் பார்ப்பவர், அதன் மேல் சேர்ந்துவிட்ட பெயரையும் சேர்த்தே பார்க்கிறார். படத்துக்கு வயது ஏற ஏற மதிப்பெண் ஏறுவது நெட்ஃபிளிக்ஸ் போட்டியின் தரவிலும் தெரிந்த விஷயம். 2006இல் அந்த நிறுவனம் 10 கோடிக்கும் மேற்பட்ட மதிப்பெண்களை வெளியிட்டு, தன்னுடைய கணிப்பை 10 சதவீதம் மேம்படுத்துபவருக்கு 10 லட்சம் டாலர் என்று அறிவித்தது. 2009இல்தான் பரிசு கொடுக்கப்பட்டது. உலகம் முழுவதிலிருந்தும் கணிதக்காரர்கள் முட்டி மோதியும் மூன்று வருடம் ஆனது. நாம் இப்போது செய்த இரண்டு கழித்தல்தான் அவர்களுக்கும் முதல் படி.

அந்தப் போட்டியில் எல்லோரையும் படுத்தி எடுத்த படம் 2004இல் வந்த ‘நெப்போலியன் டைனமைட்’. பார்த்தவர்கள் ஒன்றில் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், இல்லாவிட்டால் வெறுத்தார்கள். இன்னார் எந்தப் பக்கம் என்று கணிக்க முடியவில்லை. நமக்கு அப்படிப்பட்ட படங்கள்தான் பொக்கிஷம். உங்கள் வட்டத்தில் பாதிப் பேர் நாலரையும் பாதிப் பேர் இரண்டும் போட்ட படங்கள் எவை என்று எழுதி வையுங்கள். புதிதாக ஒருவர் வந்தால் அந்த நாலைந்து படங்களை மட்டும் முதலில் கேளுங்கள். எல்லோருக்கும் பிடித்த இருபது படங்களைக் கேட்பதைவிட அது சீக்கிரம் வழி காட்டும்.

ஜோடி போட்டுப் பார்ப்பது

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. இங்கே அவசரப்படாதீர்கள்.

மிச்சக் கணக்கில் மேலே நிற்கும் ஆறு படங்கள், கீழே நிற்கும் ஆறு படங்கள் இரண்டையும் ஒரு தாளில் எதிரெதிரே எழுதுங்கள். வகையைப் பார்த்து முடிவு கட்ட மனம் துடிக்கும். தோழியின் மேல் ஆறில் மூன்று கிரைம் படங்கள். ‘கிரைம் பிடிக்கும்’ என்று எழுதிவிட்டேன். கீழ் ஆறிலும் இரண்டு கிரைம் இருந்ததை அன்று நான் கண்டுகொள்ளவே இல்லை. அதை நம்பி ஒரு கொலை விசாரணைப் படத்தைப் போட்டேன். பாதியில் எழுந்து டீ போடப் போய்விட்டார்.

த்ரில்லர், காமெடி, ஃபேமிலி என்ற பெயரெல்லாம் போஸ்டருக்குத்தான் உதவும். ஜோடி தேடுங்கள். ஒரே நடிகர், இரண்டு படம், வேறு வேறு மிச்சம். ஒரே இயக்குநர், ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒரே கதை மாதிரி, ஒன்று பிடித்தது, ஒன்று பிடிக்கவில்லை. நடிகர் ஒருவரே என்பதால் காரணம் நடிகர் கிடையாது. அப்போது வேறு என்ன மாறியிருக்கிறது? நான் வழக்கமாகக் கேட்டுப் பார்ப்பவை: கதை எத்தனை மெதுவாக நகர்கிறது, பாட்டு கதையை நிறுத்துகிறதா, காமெடி டிராக் தனியாக ஓடுகிறதா, ஹீரோவுக்கு எத்தனை பில்டப், இடைவேளைக்குப் பிறகு கதை இழுக்கிறதா, வில்லனுக்கு ஒரு நியாயம் இருக்கிறதா, வன்முறை கண் முன்னால் நடக்கிறதா, கிளைமாக்ஸ் முடித்து வைக்கிறதா, கேள்வியோடு விடுகிறதா.

தோழியின் தாளில் இந்தக் கேள்வி எதுவும் பொருந்தவில்லை. மேல் வரிசையில் ஒரு திருட்டுத் திட்டப் படம், ஒரு குத்துச்சண்டைப் படம், ஒரு சமையல்காரர் படம், போலீஸ் நிலையத்திலேயே முக்கால்வாசி நடக்கும் ஒன்று. கீழ் வரிசையில், காரணம் பிடிபடாத இரண்டைத் தவிர, எல்லாமே தெரிந்து வைத்திருக்கும் நாயகர்கள். மூன்றாவது முறை படித்தபோதுதான் பொறி தட்டியது. அவருக்குப் பிடித்த அத்தனை படங்களிலும் ஒரு வேலை எப்படிச் செய்யப்படுகிறது என்று பொறுமையாகக் காட்டுகிறார்கள். பூட்டை அளப்பது, கையில் துணி சுற்றுவது, மசாலாவை எந்த நேரத்தில் போடுவது, எஃப்ஐஆர் எழுதும் வரிசை. பிடிக்காத மற்ற படங்களில் நாயகனுக்கு எதையும் கற்கவே தேவையில்லை, பார்த்த மாத்திரத்தில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறான். நாள் முழுக்க நுணுக்கமாக அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரும் கையுமாக இருப்பவருக்கு வேலையின் நுணுக்கம் பிடித்திருக்கிறது. ஐந்து வகைப் படங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும் இந்த ஒரு கோட்டை எந்தப் போஸ்டரும் எனக்குச் சொல்லியிருக்காது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நாலு வருடம் பழகியவரை அன்றைக்குத்தான் கொஞ்சம் தெரிந்துகொண்ட மாதிரி இருந்தது.

தாளை வைத்தே முடிவு செய்யாமல் அவரிடமும் கேளுங்கள். ஆனால் “ஏன் பிடிக்கலை?” என்று கேட்டால் விமர்சனத்தில் படித்ததைத்தான் திருப்பிச் சொல்வார். “எந்த சீன்ல போனைக் கையில எடுத்தீங்க?” என்று கேளுங்கள். “எந்த சீனை வீட்டுல போய்ச் சொன்னீங்க?” என்று கேளுங்கள். பதில் உடனே வரும்.

எங்கே பார்த்தார், எப்போது பார்த்தார்

தோழி தியேட்டரில் பார்த்த 17 படங்களின் சராசரி 3.8. வீட்டிலும் போனிலும் பார்த்த 29 படங்களின் சராசரி 3.2. பெரிய வித்தியாசம்தான். கோயம்பேடு பக்கத் தியேட்டரில் முதல் நாள் முதல் காட்சியில் விசிலுக்கு நடுவே பார்த்த படமும், மின்சார ரயிலில் நின்றுகொண்டே ஆறு அங்குலத் திரையில் பார்த்த படமும் ஒன்றாகாது. ஆனால் இதை அப்படியே கழித்துவிடக் கூடாது. பிடிக்கும் என்று நம்பிய படத்துக்குத்தான் காசு கொடுத்து டிக்கெட் எடுத்திருப்பார். வித்தியாசத்தில் எது திரையால் வந்தது, எது தேர்வால் வந்தது என்று பிரிக்க முடியாது. தியேட்டர் படத்தைத் தியேட்டர் படத்தோடும் போன் படத்தைப் போன் படத்தோடும் ஜோடி சேர்த்தால் போதும்.

டிசம்பரில் நடக்கும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போய் ஒரே நாளில் நாலு படம் பார்ப்பவர்கள் நம் வட்டத்தில் எப்போதும் ஒருவர் இருப்பார். 2003இல் தொடங்கிய விழா அது, இன்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் நடத்துகிறது. நாலாவது காட்சிக்கு விழுந்த மதிப்பெண்ணில் பசியும் கழுத்து வலியும் சேர்ந்திருக்கும். தேதியைப் பார்த்து அந்த வரிசையைத் தனியே குறித்துவிடுங்கள். அதே போல ஒரே நாளில் ஐம்பது பழைய படங்களுக்கு வரிசையாகப் போட்டிருந்தால், அவை ஞாபகத்துக்குப் போட்ட மதிப்பெண்கள். படம் பார்த்த சூட்டில் போட்டவற்றோடு கலக்காதீர்கள்.

அரை ஸ்டாரைப் பெரிதாக எடுக்காமல் இருக்கவும் ஒரு சோதனை உண்டு. ஒரு மாதம் கழித்து, பழைய எண்ணைக் காட்டாமல், ஐந்து படங்களுக்குத் திரும்பப் போடச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் அரை ஸ்டார் அங்கே இங்கே நகர்வார்கள். அதற்குக் குறைவான மிச்சத்தை வைத்துக் கதை கட்டாதீர்கள்.

பட்டியலில் இல்லாதவை

எதைப் பார்க்கவே இல்லை என்பதும் ரசனைதான். தாம்பரத்து நண்பரின் பட்டியலில் பேய்ப் படம் ஒன்றுகூட இல்லை. அவர் அவற்றுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டதே கிடையாது, ஏனென்றால் பக்கத்திலேயே போவதில்லை. அவருடைய 4.3 சராசரிக்கும் இதுதான் காரணம். பிடிக்காது என்று தெரிந்ததைத் தொடாமல் விடுபவரின் சராசரி எப்போதும் உயரமாகவே இருக்கும். எல்லாவற்றையும் பார்ப்பவரின் சராசரி இறங்கியிருக்கும். முன்னவர் தாராளம், பின்னவர் கறார் என்று சொல்லிவிட முடியாது.

எல்லோருக்கும் ஒரே படம்

இரண்டு பேரின் ரசனை ஒத்துப்போகிறதா என்று பார்க்க, இருவரும் பார்த்த படங்களில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் எத்தனை இடத்தில் ஒத்திருக்கின்றன என்று எண்ணினாலே போதும். குறைந்தது 15 பொதுப் படங்கள் வேண்டும். கூட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கும்போது சராசரி அதிகம் வரும் படத்தை நான் எடுப்பதில்லை. ஆறு பேர் கொண்டாடி ஒருவர் மூலையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. யாருக்கும் கழித்தலுக்குப் போகாத படம் எது என்று தேடுவேன்.

பட்டியல் வாங்கும் முன் அனுமதி கேளுங்கள், வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்துத்தான் நெட்ஃபிளிக்ஸும் அத்தனை மதிப்பெண்களை வெளியிட்டது. எட்டுப் படங்களின் மதிப்பெண் தெரிந்தால், அதில் இரண்டு தப்பாக இருந்தாலும், தேதி இரண்டு வாரம் முன்பின்னாக இருந்தாலும், அந்தத் தரவில் 99 சதவீதம் பேரைத் தனியே அடையாளம் பிரிக்கலாம் என்று டெக்சஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர் 2008இல் காட்டிவிட்டார்கள். இரண்டாவதாக நடத்தத் திட்டமிட்ட போட்டியை 2010இல் அந்த நிறுவனம் கைவிட்டது. ஒருவரின் சாதி, மதம், கட்சி எது என்று இந்தப் பட்டியலில் தேடவும் தேடாதீர்கள். நம்பிக் கொடுத்தவருக்கு அது துரோகம்.

கணித்துப் பார்த்தல்

கண்டுபிடித்தது சரியா என்று தெரிய ஒரே வழி, படம் போடும் முன்பே எண்ணை எழுதி மடித்து வைப்பது. தோழிக்காக மூன்று படங்கள் எடுத்தேன். படகு கட்டும் தச்சரைப் பற்றிய ஒன்றுக்கு +0.8 என்று எழுதினேன். அவர் போட்டது நாலரை, அதாவது +1.1. ஊர் கொண்டாடிய ஒரு மாஸ் படத்துக்கு −0.7 என்று எழுதினேன். இரண்டரை போட்டார், அதாவது −0.9. மூன்றாவது ஒரு நீதிமன்றப் படம், வழக்கு நடக்கும் முறையை அக்குவேறு ஆணிவேறாகக் காட்டுவது. +1 என்று தைரியமாக எழுதியிருந்தேன். அவர் போட்டதோ மூன்று, அதாவது −0.4.

“படம் நல்லாத்தான் இருக்குண்ணா. ஆனா வாய் அசையறது ஒண்ணு, சத்தம் ஒண்ணு. அதைப் பார்த்துட்டா எனக்கு வேற எதுவும் மண்டையில ஏற மாட்டேங்குது” என்றார்.

டப்பிங் பதிப்பைத்தான் போட்டிருந்தேன். மற்ற ஆறு பேருக்கும் அது தெரியவே இல்லை. இரவு அவருடைய பட்டியலை மறுபடி எடுத்து, டப்பிங்கா மூல மொழியா என்று ஒரு வரிசை புதிதாகச் சேர்த்தேன். கீழ் ஆறில், நான் காரணம் புரியாமல் விட்டிருந்த இரண்டும் டப்பிங் படங்கள். வரும் ஞாயிறு மலையாளப் படம் ஒன்றை சப்டைட்டிலோடு எடுத்து வைத்திருக்கிறேன். சீட்டில் +0.6 என்று எழுதி, புரொஜெக்டர் பெட்டிக்குள் மடித்து வைத்தாயிற்று.